படம் காட்டுவது வேறு, படம் கீறுவது வேறு: ‘சோக் ரோக்’ என்ற சொல்லைப் பற்றி

மார்கழி விடுமுறைக்கு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்கு வந்திருந்த பெறாமகள் ஒருநாள் பின்னேரம் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தாள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் அவளை உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. இரண்டு நாள் நிகழ்ச்சி நிரல். முதல் நாள் ஆய்வுரை, பிறகு ஆளாளாகச் சந்திப்பு, இரவுச் சாப்பாடு. இரண்டாம் நாள் காலை 10 மணிக்கு நேரே இரண்டே இரண்டு சொல்: சோக் ரோக்.

“சித்தப்பா, முப்பது வருசம் சோக்கோடை நிண்டனீங்கள். இது உங்கட பாடம்தானே. என்ன கேக்கினம் இவை?”

“போர்டிலை எழுதிப் படிப்பிச்சுக் காட்டச் சொல்லினம் போலை,” என்றேன். அது பிழையான பதில். அடுத்த இரண்டு கிழமை இந்தச் சொல்லின் பின்னால் அலைந்ததில், ஒரே பெயருக்குள் நாலைந்து விடயம் ஒளிந்திருப்பது தெரிந்தது. அதில் சில ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பாடநூல் ‘வெண்கட்டி’ என்கிறது, தமிழ்நாட்டில் ‘சாக்பீஸ்’ என்கிறார்கள், எங்கள் வாயில் அது ‘சோக்’. ‘ரோக்’ என்பது ஆங்கிலத்தில் பேச்சு (talk). (‘சோக்கான ஆள்’ என்கிற சோக்குக்கும் இதற்கும் உறவில்லை. ஆனால் சோக்கோடு சோக்காகப் பேசிய வாத்திமாரை எனக்குத் தெரியும்.) ஒருவர் வெறும் பலகைக்கு முன்னால் நின்று, பேசிக்கொண்டே எழுதியும் கீறியும், அந்தக் கீறலைப் பிடித்துக்கொண்டே பேச்சை நகர்த்துவதுதான் சோக் ரோக். இதில் ‘வெறும் பலகை’ என்பது முக்கியம். தொடங்கும்போது பலகையில் ஒன்றும் இருக்கக் கூடாது. முதல் நாளே அழகாகக் கீறி வைத்த படத்தைத் தடியால் சுட்டிக்காட்டிப் பேசினால் அது படவிளக்கம். பவர்பொயின்ற் போட்டுப் பேசினால் அது படம் காட்டுவது. ‘படம் காட்டாதை’ என்று நாங்கள் ஒருவரை ஏசும்போது என்ன பொருளில் ஏசுகிறோம் என்பது வாசகருக்குத் தெரியும்.

கரும்பலகையே அப்படியொன்றும் பழைய சாமானில்லை. அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் ஜோர்ஜ் பரன் என்ற கணித ஆசிரியர் 1801இல் அதைப் பாவித்தார் என்பார்கள். அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் எடின்பரோவில் ஜேம்ஸ் பிலான்ஸ் என்ற பாடசாலை அதிபர் நிறச் சோக்கால் பலகையில் படம் கீறிப் புவியியல் படிப்பித்தார். அதற்கு முன்னர் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் சிலேற் இருந்தது. வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கவில்லை. எங்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மணலில் விரலால் எழுதியதும் அவனவன் முன்னாலிருந்த மணலில்தான்.

‘சோக் ரோக்’ என்ற பெயர் பிரபலமானது வகுப்பறையில் அல்ல, தேவாலயத்திலும் மேடையிலும். ஃபிராங் பியர்ட் (1842–1905) என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ஞாயிறு பாடசாலைகளுக்காகப் பலகையில் படம் கீறிக் கீறி வேதப் பாடம் சொல்வார். நியூயோர்க் மாநிலத்தில் ஷடாக்குவா ஏரிக்கரையில் 1874இல் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்கென்று ஒரு கோடைக்காலக் கூடல் தொடங்கியது. பிறகு அது பெரிய மக்கள் கல்வி இயக்கமாக வளர்ந்தது. அந்த மேடைகளில் பியர்டுக்கு நல்ல பெயர். முகமொன்று கீறுவார், இரண்டு கோடு கூட்டுவார், அழுத முகம் சிரிக்கும். சனம் பார்த்திருக்கவே படம் மாறுவதில்தான் அந்தக் கலையின் உயிர் இருந்தது.

அதே வித்தை பிறகு நாடகக் கொட்டகைக்குள் போனது. வின்சர் மக்கே என்ற கேலிச்சித்திரக்காரர் 1906இல் மேடையேறிச் சோக்கால் விறுவிறுவென்று கீறிக் காட்டினார். ஜே. ஸ்ருவட் பிளாக்ரன் அதே ஆண்டில், கரும்பலகையில் கீறிய முகங்கள் தாமாகக் கண்ணுருட்டிச் சிரிக்கும் ஒரு சிறு படத்தை எடுத்தார். மக்கே 1914இல் ஒரு டைனோசரைத் திரையில் நடக்கவிட்டு, அதனோடு மேடையில் நின்று கதைத்தார். இன்று பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கும் கார்ட்டூனுக்குப் பூட்டன் முறை யார் என்று கேட்டால், சோக்குத் தூள் படிந்த ஒரு பலகையைத்தான் காட்டவேண்டும்.

இனி பெறாமகளின் விடயத்துக்கு வருகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், குறிப்பாக உயிரியல், மருத்துவ ஆய்வுத் துறைகளில், ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது இரண்டு பேச்சுக் கேட்பது வழக்கம். முதலாவது எல்லோருக்கும் திறந்த ஆய்வுரை: இதுவரை நான் செய்தது இது. அதற்குப் படம் காட்டலாம். இரண்டாவதுதான் சோக் ரோக். கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே இருப்பது துறை ஆசிரியர்கள் மட்டும், ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். படவில்லை (சிலைட்) பெரும்பாலும் கூடாது. அங்கே கேட்பது இனிச் செய்யப்போவதை: உன் ஆய்வுகூடத்தில் முதல் ஐந்து வருடம் என்ன நடக்கும், எந்தக் கேள்வியைப் பிடிப்பாய், பணத்துக்கு யாரிடம் விண்ணப்பிப்பாய், முதல் பரிசோதனை படுத்தால் என்ன செய்வாய். பேசத் தொடங்கி இரண்டாம் நிமிடத்திலேயே யாராவது குறுக்கே விழுவார். குறுக்கே விழுவதற்கென்றே வைத்த பேச்சு அது. பாடம் படிப்பிக்கிற திறமையை அங்கே ஒருவரும் நிறுப்பதில்லை. என் முதல் பதில் பிழை என்றது இதனால்தான்.

ஏன் படம் காட்டவிடுவதில்லை? படவில்லை முதல் நாளே முடிந்த சாமான். கேள்வி கேட்டால் ‘அது அடுத்த படத்தில் வருகிறது’ என்று தப்பிக்கலாம். பலகையில் அப்படித் தப்ப இடமில்லை. கேள்வி வந்த இடத்தில் அம்புக்குறியை அழித்து வேறு பக்கம் திருப்பவேண்டும். ஆளின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பது கையில் தெரிந்துவிடும்.

அடுத்த குழப்பம் ஒரு சின்னச் சொல்லால் வந்தது. ‘சோக் ரோக்’ ஒன்று, ‘சோக் அன்ட் ரோக்’ இன்னொன்று. ஆங்கிலத்தில் நடுவிலே அந்த ‘அன்ட்’ விழுந்தவுடன் சொல் வசையாகிவிடுகிறது. ஆசிரியர் சொல்லிக்கொண்டே எழுத, பிள்ளைகள் வாய் பொத்திப் பார்த்தெழுதுகிற வகுப்புக்குக் கல்வியியலார் வைத்த பெயர் அது. ஆசிரியப் பயிற்சியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ‘சோக் அன்ட் ரோக் காலம் போட்டுது’ என்பார்கள். இலங்கையில் 2007 கலைத்திட்டச் சீர்திருத்தத்தோடு, ஆங்கில ‘ஈ’ எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகளில் பாடம் நடத்துகிற ஐந்து ‘ஈ’ முறை வந்தபோது கருத்தரங்குகளில் நாங்கள் கேட்டதும் அதைத்தான். (ஐந்து ஈயையும் விரட்டவே எங்களுக்கு நேரம் சரியாக இருக்கிறது என்று பின்வரிசையில் ஒரு மாஸ்ரர் முணுமுணுத்தார்.) அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. முதுகைக் காட்டிக்கொண்டு பலகை நிறைய எழுதி, மணியடிக்க அழித்துவிட்டுப் போனவர்கள் எங்களில் இருந்தார்கள். ஆனால் பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறோம். எழுதிப் போடுவது ஒரு வேலை, கேட்பவரோடு சேர்ந்து கீறிக்கொண்டு போவது வேறொரு வேலை.

இன்னும் சில பொருள்கள் உண்டு. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் பயிற்றுநர் பலகையில் புள்ளடியும் வட்டமும் போட்டு, யார் எங்கே ஓடுவது என்று விளக்குவதும் சோக் ரோக்தான். மருத்துவமனைகளில் காலைச் சுற்று முடிந்து மூத்த மருத்துவர் விடுதியோரம் நின்று, சோடியம் ஏன் குறைகிறது என்று பத்து நிமிடத்தில் கீறிச் சொல்வதும் அதுவே. ஜோசப் மார்ட்டின் என்ற கத்தோலிக்கக் குருவானவர், தானே குடியிலிருந்து மீண்டவர், பலகையும் சோக்குமாகக் குடிநோயைப் பற்றிப் பேசியதை அமெரிக்கக் கடற்படை 1972இல் படம்பிடித்தது. அந்தப் பேச்சுக்கும் இதே பெயர்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது ஒன்று இருக்கிறது. இன்றைய ஆசிரியர் பட்டறைகளில் ‘சோக் ரோக்’ என்றால் ஒருவரும் வாய் திறக்காத கலந்துரையாடல். நடுவில் ஒரு கேள்வியை எழுதுவார்கள். எல்லோரும் மௌனமாக எழும்பி வந்து பதில் எழுதுவார்கள், மற்றவர் எழுதியதற்குக் கீழே கோடிழுத்துத் தங்கள் எண்ணத்தைச் சேர்ப்பார்கள். பேச்சே இல்லாத பேச்சு. பிள்ளைக்கு வந்தது இதற்கான அழைப்பாக இருந்தால் சித்தப்பாவின் உதவி தேவைப்பட்டிராது.

சரி, கீறிச் சொல்வது ஏன் மனதில் நிற்கிறது? எனக்கு இதற்கான விடை புத்தகத்திலிருந்து வரவில்லை. தொண்ணூறுகளின் முதற்பாதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. இரவில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும், பகலில் ரியூசன் கொட்டில். கிடுகுக் கூரை, மணல் தரை, வாங்கு, முன்னால் இரண்டு பலகையைச் சேர்த்தடித்த ஒரு கரும்பலகை. கறுப்பு வெளிறினால் கரியை இலைச்சாற்றில் குழைத்துப் பூசுவோம். சோக்குத் துண்டுகளை ஒரு பால்ரின்னில் சேர்த்து வைத்து, நகக்கண் அளவு தேயும்வரை எழுதினோம்.

அங்கே இணைந்த கணிதம் எடுத்த ஒருவரின் வகுப்பில் பின்வாங்கில் இருந்து நான் பார்த்தது இது. சுவரில் சாய்ந்து நிற்கும் ஏணிக் கணக்கு. முதலில் தரைக்கு ஒரு கோடு, அதற்குக் கீழே சாய்வாகச் சின்னச் சின்னக் கீறு. பிறகு சுவர். பிறகு ஏணி. அத்தோடு கை நின்றுவிடும்.

“ஏணி இப்ப என்ன செய்யப் பாக்குது?”

“வழுக்கப் பாக்குது சேர்.”

“அடி எந்தப் பக்கம் போகும்?”

சுவரை விட்டு வெளியே என்று நாலு பேர் சொன்ன பிறகுதான், உராய்வு விசைக்கான அம்புக்குறி சுவர்ப் பக்கமாக விழும். பிறகு தரையின் செவ்வன் மறுதாக்கம், சுவரின் மறுதாக்கம், நடுவிலே எடை. ஒவ்வோர் அம்புக்கும் முன்னால் ஒரு கேள்வி. இந்தப் படம் புத்தகத்திலும் இருக்கிறது, அம்புகள் எல்லாவற்றோடும், இன்னும் நேர்த்தியாக. ஆனால் புத்தகப் படத்தில் அந்தக் கேள்விகள் இல்லை. அம்பு ஏற்கெனவே அங்கே நிற்கிறது. அது ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றாது.

ஒருநாள் அவர் உராய்வு அம்பை வேண்டுமென்றே மறுபக்கம் கீறிவிட்டு, சோக்கை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொட்டிலில் நூற்றுச்சொச்சம் பேர். ஒரு சத்தமில்லை. கடைசியில் பெண்பிள்ளைகள் பக்கமிருந்து ஒரு குரல், “சேர், உப்பிடியெண்டா ஏணி சுவருக்குள்ளை போயிடும்.” சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. உராய்வின் திசையை அந்த வகுப்பில் இருந்த ஒருவரும் பிறகு பிழைவிட்டிருக்கமாட்டார்கள்.

நான் மாஸ்ரரான பிறகு தெரிந்துகொண்ட நுட்பங்கள் சில. பலகையை மனதுக்குள் மூன்றாகப் பிரிக்கவேண்டும். இடப்பக்கம் கேள்வியும் படமும், அதை மணியடிக்கும்வரை அழிக்கக் கூடாது. நடுவில் வேலை. வலப்பக்கம் அழித்தழித்து எழுதுகிற இடம். முழுச் சோக் பலகையில் கிரீச்சிடும், பாதியாக முறித்தால் நின்றுவிடும். முறித்து எழுதுகிறவரைக் கண்டு கைவீச்சுக்காரர் என்று நினைக்க வேண்டாம், அவர் காதைக் காப்பாற்றுகிறார். சோக்கின் தரமும் லேசான விடயமில்லை. இப்போது வரும் சோக் பெரும்பாலும் ஜிப்சம். யப்பானில் ஹகொரோமோ என்ற நிறுவனம் செய்த சோக் கணிதக்காரர்களிடையே அவ்வளவு பேர்பெற்றது. 2015இல் அந்த நிறுவனம் மூடப்போகிறது என்றதும் பேராசிரியர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். பிறகு அந்தச் செய்முறை கொரியாவுக்குக் கைமாறி, உற்பத்தி தொடர்ந்தது.

இன்று பாதி வகுப்பறைகளில் வெண்பலகையும் மார்க்கரும். அமெரிக்காவிலும் பெறாமகளுக்குக் கிடைக்கப்போவது மார்க்கர்தான். சோக் போனாலும் பெயர் போகவில்லை. எங்களுக்கு இதில் புதினமில்லை. விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்கிறோம். பனையோலை ஏடு அங்கே பெரும்பாலும் இராது. ஆனாலும் நாங்கள் செய்வது ‘ஏடு தொடக்குவது’தான். சல்மான் கான் என்ற அமெரிக்கர் தன் உறவுக்காரப் பிள்ளை ஒருத்திக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது பிறகு கான் அக்கடமியாக வளர்ந்தது. அந்தக் காணொளிகளில் முகம் தெரியாது. கறுப்புத் திரை, நிறக்கோடு, குரல். திரை கறுப்பாக இருப்பது தற்செயலென்று எனக்குப் படவில்லை.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘கரும்பலகை உரை’ என்று சிலர் எழுதுகிறார்கள். பலகை வெள்ளையாகிவிட்டது என்பதை விட்டாலும், அது இடத்தைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. ‘விளக்கப்படப் பேச்சு’ என்றால் படம் முன்கூட்டியே இருக்கிறது என்று ஆகிவிடும். ‘சோக்குரை’ என்றால் கேட்கிறவர் சிரிப்பார்.

என் வாய்க்கு வந்தது ‘கீறுரை’. யாழ்ப்பாணத்தில் நாங்கள் படம் வரைவதில்லை, படம் கீறுகிறோம். ‘போர்டிலை கீறிக் காட்டுங்கோ சேர்’ என்பது எந்த வகுப்பிலும் கேட்கும் குரல். இலக்கணத்தில் இது வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலமும் அந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கிறதல்லவா, அதேபோல் கீறிய உரை, கீறுகின்ற உரை, கீறும் உரை. படம் முடிந்து நிற்காமல் காலத்தில் நகர்ந்துகொண்டிருப்பதுதான் இந்தப் பேச்சின் குணம் என்றால், அதற்கு வினைத்தொகையை விடப் பொருத்தமான பெயர் அமையுமா தெரியவில்லை.

தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “கீறுறதுன்னா பூனை கீறுறதுல்ல?” என்றார். நியாயம். அங்கே கீறல் என்றால் காயம். ‘வரையுரை’ என்று வைக்கலாம் என்றால், நாலு பேரில் மூன்று பேர் அதை ‘வரையறை’ என்று வாசிப்பார்கள். பழந்தமிழுக்குப் போனால் ‘எழுது’ என்ற சொல்லே தீட்டுவதையும் குறித்தது. ஓவியமும் எழுதப்பட்டது, கண்ணுக்கு மையும் எழுதப்பட்டது. மை எழுதும்போது கோலைக் கண் காணாது என்று குறள் (1285) சொல்வது அந்த எழுத்தைத்தான். ஆனால் இன்று ‘எழுத்துரை’ என்றால் தாளைப் பார்த்து வாசிக்கிற பேச்சென்று ஆகிவிடும், நாம் தேடுவதற்கு நேர் எதிர்.

செய்த சொற்கள் எல்லாம் நின்றுவிடுவதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவம் படிப்பித்து 60க்கு மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார், அவர்களில் பலரைத் தமிழிலேயே. உடலின் அமைப்பைச் சொல்லும் துறைக்கு அப்போது ‘அங்காதிபாதம்’ என்று பெயர். இன்றைய மருத்துவ மாணவர் ஒருவரைக் கேட்டால் அது ஏதோ பிரபந்தம் என்று நினைப்பார். ‘கீறு’வுக்கு அந்த ஆபத்துக் குறைவு. அது ஏற்கெனவே வகுப்பறையின் வாயில் இருக்கிறது.

உரை என்ற பாதிக்கும் இங்கே வேர் உண்டு. கோயிலில் கந்தபுராணப் படிப்பு நடக்கும்போது ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். வாசிப்பவர் நிறுத்தாமல் பயன்காரர் தொடங்கமாட்டார், பயன் முடியாமல் அடுத்த அடி வராது. கீறுரையில் இந்த இரண்டு பேரும் ஓராள். கை வாசிக்கிறது, வாய் பயன் சொல்கிறது.

இதை நான் பெறாமகளுக்குச் சொன்னேன். அவள் விறாந்தையில் என் பழைய பலகையில் ஒத்திகை பார்த்தாள். நானும் சித்தியும் தெரிவுக்குழு. ஒரு பெரிய வட்டம், உள்ளே ஒரு சின்ன வட்டம், வெளியே போகும் மூன்று அம்பு. திரும்பி நின்று எழுதும்போதெல்லாம் பேச்சு நின்றுவிட்டது. எழுதி முடித்து எங்களைப் பார்த்துத் திரும்பிய பிறகுதான் வாய் வந்தது. ஐந்தாம் நிமிடத்தில் சித்தி கேட்டாள்:

“உந்தச் சின்ன வட்டம் என்ன பிள்ளை?”

“கரு, சித்தி.”

“அதைக் கீறேக்கையே சொல்லியிருக்கலாமே. நான் இவ்வளவு நேரமும் அதையே யோசிச்சுக்கொண்டு இருந்திட்டன், நீ சொன்ன மற்றதொண்டும் காதிலை ஏறேல்லை.”

ஒத்திகையில் கிடைத்த மிகப் பயனுள்ள விமர்சனம் அதுதான். அடுத்த முறை அவள் பக்கவாட்டில் நின்று, கையை நீட்டி, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக்கொண்டே கீறினாள். முதல் அம்பு பிழைத்தால் என்ன செய்வாய் என்று நான் கேட்டதும், டஸ்ரரைத் தேடாமல் உள்ளங்கையாலேயே அதை அழித்துவிட்டு இரண்டாவதிலிருந்து ஒரு கிளை இழுத்தாள். சட்டையெல்லாம் சோக்குத் தூள்.

அவள் கொழும்புக்கு வெளிக்கிட்ட அன்று பார்க்கிறேன், பலகையின் இடப்பக்கம் அந்த வட்டங்களும் அம்புகளும் அப்படியே நிற்கின்றன. மூலையில் சின்ன எழுத்தில் ‘அழிக்க வேண்டாம்’. மிச்சப் பகுதியில் பின்னேர வகுப்பை எடுத்தேன். பத்தாம் வகுப்புப் பொடியன் ஒருவன் வந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதென்ன சேர் முட்டையோ என்றான். நான் சோக்கை எடுத்துக்கொண்டு போய் அதற்குப் பக்கத்தில் நின்றேன். முதல் அம்பு ஏன் அழிந்து கிடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.